பிழை தாங்கும் கணினி: குவாண்டம் ஆராய்ச்சி இன்று எங்கே நிற்கிறது



குவாண்டம் கணினி பற்றி எங்கே பேசப் போனாலும் முதலில் வந்து விழும் கேள்வி, "இப்போது எத்தனை க்யூபிட் வரை வந்திருக்கிறார்கள்?" என்பதுதான். செய்தித்தாள்களும் அந்த எண்ணையே தலைப்பில் போடுகின்றன. 2023 டிசம்பரில் ஐபிஎம் நிறுவனம் 1,121 க்யூபிட் கொண்ட காண்டோர் என்ற சில்லை அறிவித்தது. அதே நாளில் 133 க்யூபிட் மட்டுமே கொண்ட ஹெரான் என்ற சிறிய சில்லையும் அறிவித்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கட்டிய கருவிகள் ஹெரானின் வழியில்தான் போயின. ஆயிரத்தைத் தாண்டிய பிறகு நூற்றுச் சொச்சத்துக்குத் திரும்பினார்களே, ஏன்? ஹெரானில் பிழை குறைவு. இன்றைய ஆராய்ச்சி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இந்த ஒரு முடிவே காட்டிவிடுகிறது. எண்ணிக்கையைப் பெருக்குவதைவிடப் பிழையை அடக்குவதுதான் இந்தத் துறையின் நடுநாயகமான வேலை. இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருப்பதும் அந்த வேலையின் கதையைத்தான்.

முதலில் ஒரு சிறு விளக்கம். சாதாரண பிட் 0 அல்லது 1. க்யூபிட்டின் நிலையைச் சொல்ல இரண்டு கலப்பெண்கள் வேண்டும். இரண்டு க்யூபிட்டுக்கு நான்கு, மூன்றுக்கு எட்டு, ஐம்பதுக்கு ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேல். இதை வைத்துக்கொண்டு, எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கும் இயந்திரம் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி எண்ணுவது தவறு. அளந்து பார்த்தால் ஒரே ஒரு விடைதான் கைக்கு வரும். தவறான விடைகளுக்கு உரிய எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படியும், சரியான விடைக்கு உரியவை ஒன்றோடொன்று கூடி வலுக்கும்படியும் கணக்கை அமைக்க வேண்டும். அப்படி அமைக்கத் தெரிந்த கணக்குகள் சிலவே. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி மிகைப்பேச்சு தானாக உதிர்ந்துவிடும்.

1981இல் எம்ஐடியில் நடந்த ஒரு மாநாட்டில் ரிச்சர்டு ஃபெய்ன்மன் இயற்கையே குவாண்டம் விதிப்படி நடக்கும்போது, அதைக் கணக்கிடும் கருவியும் குவாண்டம் விதிப்படி நடக்க வேண்டாமா என்று கேட்டார். 1985இல் டேவிட் டாய்ச் அப்படிப்பட்ட கருவிக்கு ஒரு பொதுக் கணித வடிவம் கொடுத்தார். 1994இல் பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர், பெரிய எண்களைப் பகா எண்களாகப் பிரிக்கும் குவாண்டம் அல்காரிதத்தைக் கண்டுபிடித்தார். வங்கி முதல் மின்னஞ்சல் வரை பலவற்றைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டு அந்தக் கணக்கின் கடினத்தை நம்பித்தான் நிற்கிறது. உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்தவர்களில் நல்ல இயற்பியலாளர்கள் பலர், இது நடக்காது என்றே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. க்யூபிட்டின் நிலை மிக மென்மையானது. சுற்றுப்புறத்தில் ஒரு சிறு அதிர்வு, ஓர் உதிரி ஃபோட்டான், கொஞ்சம் வெப்பம் பட்டாலும் அது குலைந்துவிடும். செர்ஜ் ஹரோஷும் ஷான் மிஷெல் ரெய்மோனும் 1996இல் இது கனவா கொடுங்கனவா என்றே ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டார்கள். ஹரோஷ் வெளியே நின்று பேசியவர் அல்லர். ஒற்றை ஃபோட்டான்களைக் கண்ணாடிகளுக்கு நடுவே பிடித்துவைத்து அளந்தவர். அதற்காகவே 2012இல் நோபல் பரிசு பெற்றவர். இன்றைக்கும் நல்ல கருவிகளில் இரண்டு க்யூபிட்டை இணைக்கும் ஒரு செயலில் ஆயிரத்துக்கு ஒன்று, சில நூறுக்கு ஒன்று என்ற அளவில் பிழை வருகிறது. 2048 பிட் ஆர்எஸ்ஏ எண்ணைப் பிரிக்கவோ பல நூறு கோடிப் படிகள் வேண்டும். ஆயிரம் படிக்குள் குலைந்துவிடும் கருவியால் அவ்வளவு தூரம் எப்படி நடக்க முடியும்?

சாதாரணக் கணினியில் இதற்கு எளிய வழி உண்டு. ஒரு பிட்டை மூன்று பிரதி எடுத்துவைத்து, இரண்டு ஒத்துப்போவதை ஏற்றுக்கொள்ளலாம். க்யூபிட்டில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. தெரியாத ஒரு குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்கவே முடியாது என்று வூட்டர்ஸ், ஸூரெக் இருவரும், தனியாக டீக்ஸ் என்பவரும் 1982இல் நிறுவிவிட்டார்கள். சரி, பிழை வந்ததா என்று பார்த்துத் திருத்தலாம் என்றால், பார்த்த மாத்திரத்தில் நிலை அழிந்துவிடும். இவை இரண்டும் போதாதென்று, பிழையே 0 புரண்டு 1 ஆவது போலச் சுத்தமாக வராது. ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்கு சரிவது போலவும் வரலாம்.

இந்த மூன்று தடைகளையும் 1995இல் ஷோரே தாண்டினார். அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ஸ்டீன் இன்னும் சிக்கனமாகத் தாண்டினார். ஷோர் ஒன்பது க்யூபிட்டையும் ஸ்டீன் ஏழையும் பின்னி ஒரே க்யூபிட்டாக நடத்தினார்கள். தகவல் எந்த ஒரு க்யூபிட்டிலும் தங்குவதில்லை, அவற்றுக்கு இடையிலான உறவில் தங்குகிறது. ஒரு தராசின் இரண்டு தட்டிலும் இரண்டு மூட்டைகளை வைத்தால், முள் நேராக நிற்கிறதா என்பதைக் கொண்டு அவை சமமா இல்லையா என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு மூட்டையும் எத்தனை கிலோ என்பது தெரிய வராது. பிழைதிருத்தத்தில் செய்யும் அளவையும் அப்படித்தான். அக்கம்பக்கத்து க்யூபிட்டுகள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் கேட்கிறோம், அவற்றின் மதிப்பைக் கேட்பதே இல்லை. மதிப்பைக் கேட்காததால் நிலை அழிவதில்லை. இதைவிட அழகானது ஒன்று உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டதுமே, ஒரு பாகையில் நூற்றில் ஒரு பங்காக இருந்த சிறு சரிவு, "பிழையே இல்லை" அல்லது "முழுப் பிழை" என்ற இரண்டில் ஒன்றாக ஒடுங்கிவிடுகிறது. அளந்தால் நிலை அழியும் என்று நாம் அஞ்சிய அதே இயல்பு, இங்கே பிழையை அழித்து நமக்கு வேலை செய்கிறது. குவாண்டம் இயற்பியலில் நான் படித்தவற்றுள் இதற்கு இணையாக நெஞ்சைத் தொட்டது வேறொன்று இல்லை.

அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அஹரனோவ், பென் ஓர், கித்தாயெவ், நில், லஃப்லாம், ஸூரெக் ஆகியோர் தனித்தனியாக வரம்புத் தேற்றத்தை நிறுவினார்கள். ஒவ்வொரு செயலிலும் வரும் பிழை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே இருந்தால், க்யூபிட்டுகளைக் கூட்டக் கூட்ட மொத்தப் பிழை வேகமாகத் தேய்ந்துகொண்டே போகும். வரம்புக்கு மேலே இருந்தாலோ, கூட்டுவதே கேடாக முடியும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு க்யூபிட்டும் திருத்துவதைவிடக் கூடுதலான பிழையைக் கொண்டுவரும். கித்தாயெவ் தந்த பரப்புக் குறியீடு என்ற அமைப்பில் அந்த வரம்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. க்யூபிட்டுகளைச் சதுரக் கட்டமாக அடுக்கி, ஒவ்வொன்றையும் பக்கத்தில் உள்ள நான்கோடு மட்டும் இணைத்தால் போதும். சில்லில் கம்பி இழுப்பவர்களுக்கு இது வரப்பிரசாதமாக அமைந்தது.

தேற்றம் வந்த பிறகு சோதனைக் கூடத்தில் அதை நேரில் காணக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 2023இல் கூகுள் குழு ஒரு சிறு கட்டத்தையும் அதைவிடப் பெரிய கட்டத்தையும் ஒப்பிட்டது. பிழை 3.03 விழுக்காட்டிலிருந்து 2.91 விழுக்காட்டுக்கு இறங்கியது. கிட்டத்தட்ட வரம்பின் மேலேயே நின்றார்கள் என்று சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் வெளியான வில்லோ சில்லின் முடிவுகள்தான் ஐயத்தைத் தீர்த்தன. அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

சில்லில் மொத்தம் 105 க்யூபிட்டுகள். ஒவ்வொன்றும் அலுமினியம் போன்ற மீக்கடத்தியால் வரைந்த ஒரு நுண்சுற்று. தனிச்சுழி வெப்பநிலைக்கு மேலே ஒரு கெல்வினின் நூற்றில் ஓரிரு பங்கு அளவுக்குக் குளிர்வித்து வைத்திருப்பார்கள். ஒரு மின்சுற்று முழுவதுமே குவாண்டம் விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்பதை 1984-85இல் பெர்க்லியில் காட்டிய ஜான் கிளார்க், மிஷெல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் கிடைத்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த வேரிலிருந்து முளைத்ததுதான் இந்தச் சில்லு. 105இல் 101 க்யூபிட்டை எடுத்துக்கொண்டார்கள். 49 க்யூபிட்டில் தகவல் பரவியிருக்கும். 48 க்யூபிட்டுகள் அக்கம்பக்கத்தைச் சோதித்துக்கொண்டே இருக்கும். மீதி நான்கு, நிலை தவறி வெளியே வழியும் க்யூபிட்டுகளை மீட்பதற்கு. இவை அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு தருக்க க்யூபிட். ஒரு சுற்றுச் சோதனைக்கு 1.1 மைக்ரோவினாடி. அப்படியானால் 48 சோதனை க்யூபிட்டுகளிலிருந்து வினாடிக்கு நாலு கோடிக்கும் மேற்பட்ட விடைகள் கொட்டுகின்றன.

மூன்றுக்கு மூன்று கட்டத்திலிருந்து ஐந்துக்கு ஐந்து கட்டத்துக்குப் போனபோது பிழை பாதிக்கும் கீழே இறங்கியது. ஏழுக்கு ஏழு கட்டத்துக்குப் போனபோது மறுபடி பாதிக்கும் கீழே. ஒவ்வொரு படிக்கும் 2.14 மடங்கு குறைவு. கடைசிக் கட்டத்தில் சுற்றுக்கு 0.143 விழுக்காடு. இந்த 2.14 என்ற எண்ணைத்தான் நான் தலைப்பில் போட்டிருப்பேன். அத்துடன், அந்தத் தருக்க க்யூபிட், தன்னை உருவாக்கிய க்யூபிட்டுகளில் மிகச் சிறந்ததைக் காட்டிலும் 2.4 மடங்கு அதிக நேரம் தகவலைக் காத்தது. குறையுள்ள உறுப்புகளால் ஆன ஒன்று, அந்த உறுப்புகள் எல்லாவற்றையும்விட நம்பகமாக இருக்க முடியும் என்பது தாளில் இருந்து கருவிக்கு வந்துவிட்டது. அதே சோதனையில் இன்னொரு செய்தியும் இருந்தது. செய்தித்தாள்கள் அதைக் கவனிக்கவில்லை. ஆய்வாளர்களுக்கோ அதுதான் தூக்கம் கெடுப்பது. ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்தும் எளிய குறியீட்டை மிக நீளமாக அமைத்து, பிழை எவ்வளவு தூரம் இறங்கும் என்று பார்த்தார்கள். இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏறக்குறைய மணிக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில் பல க்யூபிட்டுகள் சேர்ந்து குலைந்தன. பிழைதிருத்தக் கணக்கெல்லாம் பிழைகள் தனித்தனியே வருகின்றன என்ற நம்பிக்கையில் கட்டியது. கூட்டமாக வந்தால் அந்தக் கணக்கு தடுமாறும்.

கூட்டமாக வரும் பிழைகளில் ஒரு வகையின் காரணம் முன்பே தெரிந்திருந்தது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி மியூவான் என்ற துகள்களைப் பொழிகின்றன. கடல் மட்டத்தில் உள்ளங்கையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று பாய்கிறது. இதை நான் பேசிக்கொண்டிருக்கும்போதும் நம் எல்லோர் மேலும் பாய்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மியூவான் சிலிக்கனில் புகுந்தால் அது இறக்கிவைக்கும் ஆற்றல் அதிர்வலையாகச் சில்லு முழுதும் பரவும். மீக்கடத்தியில் இணைந்திருக்கும் எலக்ட்ரான் சோடிகளைப் பிரிக்கும். பிரிந்தவை க்யூபிட்டுகளின் ஆற்றலை உறிஞ்சும். சில பத்து மில்லிவினாடிகளுக்குச் சில்லின் பெரும்பகுதி கணக்குப் போட லாயக்கற்றுப் போய்விடும். இந்த மியூவான்களின் இரைச்சலிலிருந்து தப்பத்தான் நம் நாட்டு இயற்பியலாளர்கள் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை இறக்கி, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். இப்போது குவாண்டம் சில்லுக்காரர்களில் சிலரும் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஆய்வகத்தில் மீக்கடத்திச் சுற்றுகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கணினியைச் சுரங்கத்தில் வைப்பது நிரந்தர வழியாகாது. வில்லோ குழுவினர் சில்லிலேயே தடுப்பு வைத்தார்கள்: க்யூபிட்டின் நடுவே உள்ள சந்தியின் இரு பக்கத்திலும் மீக்கடத்தியின் ஆற்றல் இடைவெளியை வேறுவேறாக அமைத்தால், பிரிந்த எலக்ட்ரான்களால் அந்தச் சந்தியைத் தாண்ட முடியாது. முன்பு சில வினாடிகளுக்கு ஒரு முறை வந்த அடி பெரும்பாலும் நின்றுபோனது. எஞ்சிய அந்த மணிக்கு ஒரு முறை அடிக்கு என்ன காரணம் என்பது அந்தக் கட்டுரை வெளிவந்தபோது விளங்காமலேயே இருந்தது. பிழையை இவ்வளவு குறைத்த பிறகுதான் இப்படிப்பட்ட எதிரி கண்ணுக்கே தெரியும். ஆராய்ச்சி முன்னேறியிருக்கிறது என்பதற்கு இதையும் ஒரு சான்றாக நான் கொள்கிறேன்.

அடுத்த பிரச்சினை விலை. ஒரு தருக்க க்யூபிட்டுக்கு 101 பௌதிக க்யூபிட் செலவழித்தும் பிழை ஆயிரத்துக்கு ஒன்றில்தான் நிற்கிறது. அதைக் கோடிக்கணக்கில் ஒன்றாக இறக்க, பரப்புக் குறியீட்டில் ஒவ்வொரு தருக்க க்யூபிட்டுக்கும் ஆயிரம் அளவில் பௌதிக க்யூபிட்டுகள் தேவைப்படும். இங்கேதான் கணிதம் கைகொடுக்கிறது. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கேலகர் தகவல் தொடர்புக்காக உருவாக்கிய எல்டிபிசி என்ற குறியீட்டு வகை, வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, இன்று உங்கள் சட்டைப்பையில் உள்ள 5ஜி பேசியில் வேலை செய்கிறது. அதன் குவாண்டம் வடிவத்தைப் பல ஆண்டுகள் தேடினார்கள். க்யூபிட் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் காப்பும் கொள்ளளவும் தரும் குவாண்டம் எல்டிபிசி குறியீடுகள் உண்டு என்று மாஸ்கோவின் பந்தலேயெவும் கலச்சேவும் நிறுவினார்கள். 2024 மார்ச்சில் ஐபிஎம் குழு நடைமுறைக்கு ஒத்த ஒரு குறியீட்டைக் காட்டியது. 288 பௌதிக க்யூபிட்டில் 12 தருக்க க்யூபிட். அதே அளவு காப்புக்குப் பரப்புக் குறியீடு ஏறத்தாழ மூவாயிரம் கேட்கும். பத்தில் ஒரு பங்கு செலவு! ஆனால் ஒவ்வொரு க்யூபிட்டும் ஆறு க்யூபிட்டுகளோடு இணைய வேண்டும். அவற்றில் சில எட்ட இருப்பவை. ஒரே தளத்தில் வரைந்த சில்லில் ஒரு கம்பி மற்றொன்றைத் தாண்டிப் போக வேண்டுமே, அதற்குப் பல அடுக்குகளும் நீண்ட இணைப்புகளும் வேண்டும். 2029இல் 200 தருக்க க்யூபிட்டும் பத்துக் கோடிச் செயல்களும் கொண்ட ஸ்டார்லிங் என்ற இயந்திரத்தைத் தருவதாக ஐபிஎம் அறிவித்திருப்பது இந்த இணைப்புகள் கைகூடும் என்ற நம்பிக்கையில்தான்.

எட்ட இருப்பவற்றை இணைப்பது அணுக்களைப் பிடித்து வேலை வாங்குபவர்களுக்குச் சிக்கலே அல்ல. அவர்களால் க்யூபிட்டையே நகர்த்திக்கொண்டுபோக முடியும். வெற்றிடக் குப்பியில் மிதக்கும் ரூபிடியம் அணு ஒவ்வொன்றையும் ஒரு நுண்ணிய லேசர் இடுக்கி பிடித்திருக்கும். இரண்டு அணுக்களை அருகே கொண்டுவந்து, இன்னொரு லேசரால் அவற்றின் வெளி எலக்ட்ரானை வெகுதொலைவுக்கு உயர்த்தினால், ஒன்று உயர்ந்திருக்கும்போது மற்றது உயர முடியாது. அந்தத் தடையைக் கொண்டே இரண்டையும் பின்னிவிடலாம். 2023 டிசம்பரில் ஹார்வர்டில் மிக்கேல் லூக்கின் குழு 280 அணுக்கள் வரை கொண்டு 48 தருக்க க்யூபிட்டுகளை இயக்கிக் காட்டியது. அவற்றில் பெரும்பாலும் பிழையைக் கண்டறிந்து அந்த ஓட்டத்தை ஒதுக்கினார்களே தவிர, ஓட ஓடத் திருத்தவில்லை. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு 48 என்ற எண்ணை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2025இல் கால்டெக் குழு 6,100 அணுக்களை வரிசையாக நிறுத்தியது. அணுக்கள் நழுவிக்கொண்டே இருப்பது இந்த முறையின் பழைய குறை. ஹார்வர்டு, எம்ஐடி குழுவினர் அதே ஆண்டில் மூவாயிரம் அணுக் கட்டத்தை, நழுவியவற்றுக்குப் பதில் புதியவற்றை நிரப்பிக்கொண்டே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். இந்த முறையின் மற்றொரு குறை வேகம். மீக்கடத்தியில் மைக்ரோவினாடியில் முடியும் ஒரு சுற்றுக்கு இங்கே மில்லிவினாடி ஆகும்.

மின்புலத்தில் அயனிகளைச் சிறைவைப்பவர்களும் அப்படித்தான்: மெதுவானவர்கள், ஆனால் துல்லியத்தில் முன்னணியில் இருப்பவர்கள். குவாண்டினியூம் நிறுவனம் 2025இல் வெளியிட்ட ஹீலியோஸ் கருவியில் 98 பேரியம் அயனிகள்; இரண்டு க்யூபிட் செயலில் பிழை ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. மயோரானா நிலைகளைக் கொண்டு இயல்பிலேயே பிழை தாங்கும் க்யூபிட் கட்டும் மைக்ரோசாஃப்டின் முயற்சி பற்றி மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கோட்பாடு மிக அழகானது. சான்று இன்னும் போதவில்லை. 2018இல் வந்த ஒரு முக்கியக் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. 2025 பிப்ரவரியில் வந்த அறிவிப்பையும் வல்லுநர்கள் பலர் ஏற்கவில்லை.

இனி இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும். வெளியே அதிகம் பேசப்படாதவை. முதலாவது டிகோடர். வினாடிக்கு நாலு கோடி விடைகள் கொட்டுகின்றன என்றேன். அவற்றைப் பார்த்து எந்த க்யூபிட்டில் பிழை நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது சாதாரணக் கணினியின் வேலை. விடைகள் வரும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காவிட்டால் கணக்கு தேங்கிப்போகும். இதற்காகத் தனிச் சில்லுகளை வடிவமைக்கிறார்கள். டீப்மைண்ட் 2024இல் நரம்பு வலையமைப்பைப் பழக்கி ஆல்ஃபாக்யூபிட் என்ற டிகோடரை உருவாக்கியது. துல்லியம் மேம்பட்டது, வேகம் போதவில்லை. இரண்டாவது, டி செயல் எனப்படும் ஒரு வகைச் செயல். பிழைதிருத்தக் குறியீடுகளில் எளிதாகச் செய்ய வரும் செயல்களை மட்டும் கொண்டு போடும் கணக்கைச் சாதாரணக் கணினியே போட்டுவிடும் என்பது காட்ஸ்மன் நில் தேற்றம். குவாண்டத்தின் உண்மையான வலு தேவையென்றால் டி செயலும் சேர வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சிறப்பு நிலையைத் தயாரித்து, பலவற்றிலிருந்து வடித்தெடுத்துத் தூய்மையாக்க வேண்டும். சில்லின் பெரும்பகுதியை இந்த வடிப்பாலையே விழுங்கிவிடும் என்றுதான் வெகுநாள் கணக்கிட்டிருந்தார்கள். 2024இல் கிரெய்க் கிட்னியும் உடன் பணியாற்றியவர்களும், ஒரே நிலையைப் படிப்படியாக வளர்த்தெடுக்கும் முறையைக் காட்டி அந்தச் செலவை வெகுவாகக் குறைத்தார்கள்.

இந்தக் குறைப்புகள் எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்பதைப் பூட்டுடைக்கும் கணக்கில் பார்க்கலாம். 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2012வாக்கில் நூறு கோடி பௌதிக க்யூபிட் தேவை என்றார்கள். 2019இல் கிட்னியும் எக்கெராவும் 2 கோடி க்யூபிட், 8 மணி நேரம் என்றார்கள். 2025 மே மாதம் கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைந்த க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைந்த நேரம் என்று கணக்குக் காட்டினார். கருவியின் தரத்தைப் பற்றிய அனுமானம் ஏறக்குறைய அதேதான், குறைந்ததெல்லாம் கணிதத்தால். இன்று உலகில் அப்படி ஒரு கருவி இல்லை. இருந்தாலும், இன்று மறைகுறியாகப் போகும் செய்தியைச் சேமித்துவைத்துப் பிற்காலத்தில் திறந்துகொள்ள எவராலும் முடியும். இருபது ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டிய ஆவணத்துக்கு ஆபத்து இன்றே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினிக்கும் அசையாதவை என்று நம்பப்படும் மூன்று தரமுறைகளை வெளியிட்டது. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் நெடுந்தூரம் வந்த சைக் என்ற முறையை, 2022இல் பெல்ஜியத்தின் காஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் சாதாரணக் கணினியின் ஒரே ஒரு கோரில் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். அவர்கள் கையாண்ட கருவி எர்ன்ஸ்ட் கானி 1997இல் எழுதிய தூய கணிதத் தேற்றம். நம் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் எந்தெந்த இடத்தில் எந்தப் பூட்டைப் போட்டிருக்கிறோம் என்ற பட்டியலையாவது இப்போதே எடுக்கத் தொடங்க வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பூட்டுடைப்பதைத் தவிர இந்தக் கணினி எதற்கு? இங்கே நான் எச்சரிக்கையோடுதான் பேசுவேன். 2019இல் கூகுள் தன் 53 க்யூபிட் சிக்கமோர் சில்லு 200 வினாடியில் போட்ட கணக்குக்கு, சூப்பர் கணினிக்குப் பத்தாயிரம் ஆண்டு ஆகும் என்றது. இரண்டரை நாள் போதும் என்று ஐபிஎம் மறுத்தது. சில ஆண்டுகளில் சாதாரணக் கணினிகள் அதைச் சில மணி நேரத்துக்குக் கொண்டுவந்தன. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்த ஈவின் டாங்குக்கு, பரிந்துரைக் கணக்கு ஒன்றைக் குவாண்டம் கணினியைப்போல வேகமாகச் சாதாரணக் கணினியால் செய்ய முடியாது என்று நிறுவும் பணியை ஆசிரியர் ஸ்காட் ஆரன்சன் கொடுத்தார். தேடிப்போன டாங், 2018இல் தம் 18 வயதில், செய்ய முடியும் என்றே நிறுவிவிட்டார். குவாண்டம் இயந்திரக் கற்றல் என்று பேசப்பட்ட பலவும் அதோடு ஆட்டம் கண்டன. லவ் குரோவர் 1996இல் தந்த தேடல் அல்காரிதம் நூறு படியைப் பத்தாக்கும். ஆனால் பிழைதிருத்தத்தின் செலவு அந்த ஆதாயத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே போக்குவரத்து நெரிசலைத் தீர்ப்போம், பங்குச் சந்தையை வெல்வோம் என்ற விளம்பரங்களை நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

நம்பக் காரணம் இருப்பது ஃபெய்ன்மன் சொன்ன இடத்திலேயே. உளுந்து, பயறு வேர்களில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் சாதாரண வெப்பத்திலேயே உரமாக்குகிறது. நம் உர ஆலைகளுக்கு அதே வேலைக்குப் பெரும் அழுத்தமும் சூடும் வேண்டும். பாக்டீரியாவின் நொதியின் நடுவே ஏழு இரும்பு, ஒரு மாலிப்டினம், ஒன்பது கந்தகம், ஒரு கார்பன் சேர்ந்த ஓர் அணுக்கொத்து. அதில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத் துல்லியமாகக் கணக்கிடச் சாதாரணக் கணினிகள் திணறுகின்றன. 40 லட்சம் க்யூபிட்டில் நான்கு நாளுக்குள் முடிக்கலாம் என்று 2021இல் ஒரு மதிப்பீடு வந்தது. இதிலும் எதிர்வாதம் உண்டு: வேதியியலில் குவாண்டம் கணினிக்குப் பிரமாண்டமான ஆதாயம் இருப்பதற்கான சான்று இதுவரை போதவில்லை என்று கார்னெட் சான் குழுவினர் 2023இல் எழுதினார்கள். திறந்த கேள்வி இது.

நம் பக்கம் வருகிறேன். 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எட்டு ஆண்டில் 50 முதல் 1,000 பௌதிக க்யூபிட் வரையான கருவிகள் இலக்கு. கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில்; தகவல் தொடர்புக்கான மையம் இங்கே ஐஐடி மெட்ராஸில். சென்னைக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. அடிக்கடி அளந்துகொண்டே இருந்தால் ஒரு குவாண்டம் நிலை மாறாமல் உறைந்துவிடும் என்பதை 1977இல் மிஸ்ராவும் ஈ.சி.ஜி. சுதர்சனும் காட்டினார்கள். பிழைதிருத்தத்தில் மைக்ரோவினாடிக்கு ஒரு முறை சோதிப்பதற்கு அது நெருங்கிய உறவு. அந்தச் சுதர்சன் 1980களில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தார். அங்கே பணியாற்றிய ஆர். சைமன் 2000இல் தந்த அளவுகோலைக் கொண்டுதான் இன்றும் உலகெங்கும் ஒளிக்கற்றைகள் பின்னியிருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள்.

மில்லிகெல்வின் குளிர்பெட்டி வாங்க எல்லாக் கல்லூரிகளாலும் முடியாது. ஆனால் நான் இன்று சொன்ன முன்னேற்றங்களில் பாதிக்கு மேல் தாளும் மடிக்கணினியும் வைத்துச் செய்தவை. எல்டிபிசி குறியீடுகளில் காத்துவைத்த க்யூபிட்டுகளுக்கு இடையே மலிவாகக் கணக்குப் போடுவது எப்படி, ஒரு மைக்ரோவினாடிக்குள் ஊகிக்கும் டிகோடர் எது என்பவை இன்னும் முழுமையாகத் தீராத கேள்விகள். நேரியல் இயற்கணிதமும் வரைபடக் கோட்பாடும் நன்றாகத் தெரிந்த மாணவர் இவற்றுக்குள் நுழையலாம். கிரெய்க் கிட்னி எழுதிய ஸ்டிம் என்ற மென்பொருள் இலவசம். பைமேட்சிங் என்ற டிகோடரும் இலவசம். இரண்டையும் இறக்கிக்கொண்டு, பரப்புக் குறியீட்டில் மூன்று, ஐந்து, ஏழு என்ற கட்டங்களை அமையுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் பிழையை 0.2 விழுக்காடு என்று வைத்து ஓட்டுங்கள். கட்டம் பெரிதாகப் பெரிதாகத் தருக்கப் பிழை சரியும். அதையே 2 விழுக்காடு என்று மாற்றி ஓட்டுங்கள். பெரிய கட்டம்தான் முதலில் தோற்கும். இடையில் எந்த இடத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று நீங்களே தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அடுத்து ஐபிஎம்மின் 288 க்யூபிட் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.